தோளில் தொங்கும் நாலு கிலோ

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பேஸ் கிட்டாரின் கனம் பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். எல்லாமே உள்ளே குடைவில்லாத, கட்டை பாடி எலெக்ட்ரிக் பேஸ் பற்றியவை. வேறு விதமாகச் சொல்லாத இடத்தில் நாலு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி தலைப் பக்கம் உட்காரும் நட்டிலிருந்து வால் பக்கம் உட்காரும் பிரிட்ஜ் வரை 864 மி.மீ.), மொத்தம் 4.2 கிலோ உள்ள ஒரு பேஸை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். கச்சேரி மூன்று, நான்கு மணி நேரம் போகும். என் ஆஷ் மர பேஸ் 4.9 கிலோ. தோள் விண்ணென்று வலிக்கிறது. 3.4 கிலோவில் ஒன்று விலைக்கு வருகிறது. மாற்றிவிடலாமா? சரியான எடைதான் எவ்வளவு?
– வாசகர், மதுரை

நின்றுகொண்டே அவ்வளவு நேரம் வாசிக்க 4.9 அதிகம்தான். 3.6 கிலோவுக்குக் கீழே லேசு, 4 முதல் 4.3 வரை நடுத்தரம், 4.5 தாண்டினால் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். 1970களின் பிற்பகுதி ஃபெண்டர்களில் 4.5 முதல் 5 கிலோ வரை இழுப்பவை நிறைய உண்டு. கனமான ஆஷ் பலகைதான் அதற்குப் பெரிய காரணம். நடுத்தர பேஸ் ஒன்றைப் பிரித்துத் தராசில் வைத்தால் நெக் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், கம்பியை முறுக்கும் நான்கு ட்யூனிங் கீயும் சேர்ந்து 400 கிராம், பிரிட்ஜ் 200 முதல் 300, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப், ஒலிக் குமிழுக்கு அடியில் உள்ள பாட், தகடு, திருகு எல்லாம் இன்னொரு 400. மிச்சம் இரண்டு கிலோ சொச்சம் பாடி. மற்ற பாகங்களின் எடை கிட்டாருக்குக் கிட்டார் அதிகம் மாறாது. பாடி மட்டும் மரத்தைப் பொறுத்து ஒன்றே கால் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை போகும். ஒரே மாடல், ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும் இரண்டு பேஸ்களுக்கு நடுவே அரை கிலோ வித்தியாசம் வருவது இதனால்தான். ஆகவே மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கையோடு கொண்டுபோய் ஸ்ட்ராப்பில் மாட்டித் தூக்கிப் பாருங்கள்.

3.4 கிலோ பேஸுக்கு உடனே சரி சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பாடி லேசாகும்போது நெக்கும் கீயும் கூடவே லேசாவதில்லை. பின்பக்கத்தில் கனம் குறையக் குறைய முன்பக்கம் கீழே இழுக்கும். தோள் பிழைக்கும், இடது கை மாட்டிக்கொள்ளும். ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்த வேண்டிய கை நெக்கையும் தாங்க ஆரம்பித்தால், பொசிஷன் மாற்றும்போதெல்லாம் நெக் ஆடும். மணிக்கட்டு வலி அதற்கு அடுத்து வரும். நாலே கால் கிலோவில் சமமாகத் தொங்குகிற பேஸ், மூன்றரை கிலோவில் தலை சாய்கிற பேஸைவிட நாலு மணி நேரக் கச்சேரிக்கு மேல். ஆக, 3.4-ஐ மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் எடுத்துப் பாருங்கள். வழுக்கும் பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு செய்வது நல்லது. பருத்திச் சட்டையும் தோல் ஸ்ட்ராப்பும் சேர்ந்து குறையை மறைத்துவிடும்.

அதுவரை பழைய பேஸுக்கு ஸ்ட்ராப்பை மாற்றுங்கள். 5 செ.மீ. நைலான் பட்டைக்குப் பதில் 9 அல்லது 10 செ.மீ. அகலத் தோல், உள்பக்கம் சொரசொரப்பாக. கனம் குறையாது, ஆனால் தோளில் படும் அழுத்தம் பாதியாகும். ரப்பர்போல் நீளும் மெத்தை ஸ்ட்ராப்புகளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஒவ்வொரு அடிக்கும் கிட்டார் மேலும் கீழும் குதிக்கும்.

சர்ச்சில் வாசிக்க எஸ்ஜி வடிவ (மெலிந்த பாடி, குட்டைக் கொம்பு) பேஸ் ஒன்று வாங்கினோம். பார்க்க அழகு, கையில் லேசு. ஆனால் கையை எடுத்தால் நெக் நேராகத் தரையைப் பார்க்கிறது. பழுதா, இல்லை கிட்டாரே அப்படித்தானா?
– வாசகர், நாகர்கோவில்

கிட்டாரே அப்படித்தான். எஸ்ஜி வடிவ கிப்சன் ஈபி-3 வந்த 1961 முதலே அந்த வடிவத்துக்கு இருக்கும் சுபாவம் இது. காரணம் தெரிந்தால் எவ்வளவு சரிசெய்ய முடியும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் கிட்டாரின் எடை மையத்தைக் கண்டுபிடியுங்கள். துடைப்பக் கம்பு ஒன்றில் துண்டைச் சுற்றி மெத்தைமேல் குறுக்கே வையுங்கள். கிட்டாரை முகம் மேலே பார்க்கும்படி அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அடுத்து, பாடியிலிருந்து நெக் பக்கமாக நீளும் மேல் கொம்பில் (அல்லது எங்கே இருக்கிறதோ அங்கே) உள்ள ஸ்ட்ராப் பட்டன் எந்த ஃப்ரெட்டுக்கு நேராக வருகிறது என்று பாருங்கள். பட்டனுக்கும் டேப்புக்கும் நடுவில் உள்ள தூரம்தான் விஷயம்.

ஸ்ட்ராப் தோளில் வழுக்குகிற பொருள். அதில் தொங்குகிற கிட்டார், தன் எடை மையம் தோளுக்கு நேர் கீழே வரும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். எடை மையம் பட்டனிலிருந்து வால் பக்கமாக 12, 15 செ.மீ. தள்ளி இருந்தால் நெக் சற்று மேல்நோக்கி நிற்கும். 5 செ.மீ. என்றால் படுக்கும். பட்டனும் மையமும் ஒரே இடத்தில் என்றால் நீங்கள் பார்த்தது நடக்கும்.

ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் (1951) மேல் கொம்பு அவ்வளவு நீளமாக முன்னால் வந்து ஏறக்குறைய 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக பட்டனைத் தாங்குவது இதற்காகத்தான். அதன் எடை மையம் 18-ஆம் ஃப்ரெட் பக்கம் விழுகிறது என்று வைத்தால், நடுவே 12.6 செ.மீ. கிடைக்கிறது. எஸ்ஜி வடிவத்தில் கொம்பு குட்டை, பட்டனோ பெரும்பாலும் நெக் பாடியில் சேரும் முட்டின் பின்புறத்தில். பாடியும் மெலிசு, 35 மி.மீ. சுற்றித்தான். பின்னால் கனமே இல்லை. கிப்சனின் தண்டர்பேர்ட் மாடல்கள் பலவற்றிலும் இதே பட்டன், இதே இடம், இதே புகார். வார்விக் தம்ப் பேஸ் வேறு வகை: கனமான மரம், ஆனால் சின்ன பாடி, குட்டைக் கொம்பு, வெளியே நீளும் நெக். கனமான கிட்டாரும் தலை சாயலாம் என்பதற்கு அதுதான் உதாரணம்.

உங்களுக்கு இருக்கும் வழிகளில் மலிவானது, பின் முட்டிலிருக்கும் பட்டனை மேல் கொம்பின் நுனிக்கு மாற்றுவது. நாலைந்து செ.மீ. முன்னால் வரும். முழுத் தீர்வு இல்லை, ஆனால் நன்றாகத் தெரியும். செய்கிறபோது:

கொம்பு நுனியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நுனியின் தடிப்புக்கு நட்டநடுவில் குறியிடுங்கள். எஸ்ஜியில் ஓரம் சரிவாகச் சீவியிருப்பார்கள், அதனால் நடு எது என்று இரண்டு பக்கமும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். பட்டன் திருகின் விட்டம் வழக்கமாக 3.5 மி.மீ. மகாகனி, ஆல்டர் போன்ற மிதமான மரத்துக்கு 2.5 மி.மீ. துளை, மேப்பிள் மாதிரி கெட்டியானதற்கு 2.8 அல்லது 3. துளையைத் தொடங்கும்போது டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிட்டு பெயின்ட்டை மட்டும் தேய்த்து எடுங்கள். நேராகக் குத்தினால் லாக்கர் நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். கொம்பு நுனியில் திருகு மர நார்களின் ஓட்டத்தோடே உள்ளே போகிறது. குறுக்கே போகிற திருகைவிடப் பிடிப்பு குறைவு. அதனால் 30 மி.மீ.க்குக் குறையாத திருகாகப் போட்டு, முதலில் ஒரு தடவை முறுக்கி எடுத்து, துளைக்குள் மெல்லிய சூப்பர் குளூ இரண்டு சொட்டு விட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு திருகுக்கு மெழுகு தடவி இறுக்குங்கள். மெழுகுக்குப் பதில் சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்கவைக்கும். பட்டனுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ஃபெல்ட் வளையம். பழைய துளையை மூங்கில் குச்சியும் மரப் பசையும் வைத்து அடைத்துவிடலாம்.

ஸ்ட்ராப்பின் முன்முனையை ஹெட்ஸ்டாக்கில் (கீ இருக்கும் தலைப் பகுதியில்) கட்டிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். சாய்வது நிற்கும், உண்மை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கை வைக்க இடமும் நிற்காது.

ட்யூனிங் கீயை லேசானதாக மாற்றினால் நெக் சாய்வது போய்விடும் என்கிறார்கள். நாலு சின்னக் கீயில் அப்படி என்ன இருக்கிறது? அதற்குப் பதில் வால் பக்கம் கனமான பிரிட்ஜ் போட்டால் ஆகாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் வேலை செய்யும், ஆனால் சமமாக இல்லை.

அகலக் காது உள்ள வழக்கமான பேஸ் கீ ஒன்று 100 கிராமுக்கு முன்பின் இருக்கும். அலுமினியமும் குழல் போன்ற உள்துளைத் தண்டும் உள்ள லேசான வகைகள் (ஹிப்ஷாட் அல்ட்ராலைட், கோட்டோ ரெசோலைட் போன்றவை) அதில் பாதியை ஒட்டி வரும். ஒரு கீக்கு 45 கிராம் மிச்சம் என்றால் நாலுக்கு 180. வரிசையாக நாலு கீ உள்ள ஹெட்ஸ்டாக்கில் அவற்றின் சராசரி இடம் நட்டைத் தாண்டி 11 செ.மீ. அங்கிருந்து 18-ஆம் ஃப்ரெட்டில் உள்ள எடை மையம் 67 செ.மீ. தூரம். 180-ஐ 67-ஆல் பெருக்கி, மீதி எடையான 4,020 கிராமால் வகுத்தால் 3. அதாவது எடை மையம் 3 செ.மீ. வால் பக்கம் நகர்கிறது. 12.6 செ.மீ. இருந்த இடத்தில் 15.6. கையை எடுத்தாலே தெரிகிற வித்தியாசம்.

இதே 180 கிராமை வால் பட்டன் அருகே சேர்த்தால்? மையத்திலிருந்து அங்கே 40 செ.மீ.தான். 180 × 40 வகுத்தல் 4,380: ஒன்றரை செ.மீ.க்குச் சற்று மேல். பலன் ஏறத்தாழ பாதி, எடையும் கூடிவிட்டது. 250 கிராம் கூடுதலான பித்தளை பிரிட்ஜ் போட்டால் 1.8 செ.மீ. நகரும். மொத்தம் 4.45 கிலோ ஆகும். உங்கள் பேஸ் 3.6 கிலோவாக இருந்தால் அது பரவாயில்லை. 4.5-இல் இருப்பவர் அதைச் செய்யக் கூடாது.

பணம் போடும் முன் ஒரு சோதனை. 340 கிராம் போல்ட்டுகளைச் சின்னத் துணிப்பையில் கட்டி வால் பட்டனில் தொங்கவிடுங்கள். லேசான கீ போட்டால் எடை மையம் எங்கே வருமோ, ஏறத்தாழ அங்கேயே வரும். அப்படி மாட்டிக்கொண்டு அரை மணி வாசித்துப் பார்த்தால் கீ மாற்றுவது உங்களுக்குத் தேவையா என்று தெரிந்துவிடும். பையோடும் நெக் விழுகிறது என்றால் கீயை மாற்றி மட்டும் பயன் இல்லை, பட்டனை நகர்த்தியாக வேண்டும்.

வாங்கும்போது தவறு நடக்கிற இடம் துளை அளவு. பழைய ஃபெண்டர் பாணி ஹெட்ஸ்டாக்கில் துளை 17.5 மி.மீ., பல நவீன பேஸ்களில் 14 மி.மீ. சுற்றி. ஒரு கீயைக் கழற்றி, துளைக்குள் இருக்கும் உலோக வளையமான புஷ்ஷையும் எடுத்துவிட்டு, மரத் துளையை வெர்னியரில் அளந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். புஷ்ஷின் துளையை அளந்து மரத்தின் துளை என்று நினைத்து வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம். இரண்டாவது, கீ எந்தப் பக்கத்துக்கு உரியது என்பது: நாலும் ஒரே வரிசையா, மியூசிக் மேன் ஸ்டிங்ரேபோல் மூன்றும் ஒன்றுமா, இரண்டும் இரண்டுமா? இடமும் வலமும் மாற்றிப் போட்டால் முறுக்கும் திசை தலைகீழாகும். மூன்றாவது, பழைய திருகுத் துளைகள் புதுக் கீயின் அடித்தகட்டுக்குள் மறையாவிட்டால் முதலில் அடைத்து, பிறகு 1.5 முதல் 2 மி.மீ. துளை புதிதாகப் போட வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் தடிப்பைத் தாண்டாமல் டிரில் பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கமாக வெளியே வந்துவிட்ட துளையை மறைக்க ஸ்டிக்கரைத் தவிர வழியில்லை.

ஒரு பக்கவிளைவையும் சொல்லிவிட வேண்டும். போல்ட் நெக் (நெக்கைத் திருகால் பாடியில் மாட்டிய) பேஸ்களில் ஜி கம்பியின் 5-லிருந்து 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் எங்கோ ஓர் இடத்தில் ஒலி சட்டென்று செத்துப்போகும். நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தின் சக்தியைத் தின்றுவிடுவதால் வருவது அது. ஹெட்ஸ்டாக்கின் கனம் குறைந்தால் நெக்கின் அதிர்வெண் சற்று ஏறும், அந்த இடமும் பிரிட்ஜ் பக்கமாக நகரும். பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் செத்த இடம் இப்போது யாரும் தொடாத ஃப்ரெட்டில் இருந்து, நீங்கள் ஸ்டுடியோவில் வாசிப்பவராகவும் இருந்தால் யோசியுங்கள்.

பாடிக்குள் ஈயம் வைக்கலாமா?
– வாசகர், திருச்சி

வைக்கலாம், கிட்டார் லேசாக இருந்தால். ஈயக் குண்டைவிட வசதியானது, கார் டயர் பாலன்ஸ் செய்யும் கடையில் கிடைக்கும் ஒட்டுப் பட்டை. 5, 10 கிராம் துண்டுகளாக வெட்டி எடுத்து ஒட்டலாம். கன்ட்ரோல் மூடிக்குள் இடம் இருந்தால் வாலுக்கு எட்டிய ஓரமாக ஒட்டுங்கள். பாட் கால்களிலோ ஒயரிலோ உலோகம் பட்டால் ஒலி போய்விடும், ஆகவே முதலில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் பசை இளகும். பட்டையின்மேல் குறுக்காக இன்னொரு டேப் அவசியம். ஈயமாக இருந்தால் வேலை முடிந்து கையைக் கழுவுங்கள். வெட்டி ராவித் தூசி கிளப்ப வேண்டாம்.

இங்கே வீணை செய்கிற பலா மரமே கிடைக்கிறது. அதில் ஒரு பேஸ் பாடி செய்யத் தச்சர் தயார். தேக்கும் இருக்கிறது. எது நல்லது?
– வாசகர், தஞ்சாவூர்

வீணையில் பலாவைக் குடைந்து ஓடாக்கிவிடுகிறார்கள். அங்கே மரத்தின் அடர்த்தி தோளில் ஏறுவதில்லை, வாசிப்பவரும் உட்கார்ந்துதான் வாசிக்கிறார். நீங்கள் செய்யப்போவது 45 மி.மீ. தடிமனில் முழுக் கட்டை. கணக்கு வேறு.

வெட்டி முடித்த பேஸ் பாடியின் கன அளவை நாலரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 450 கிராம் உள்ள ஆல்டரில் அது 2 கிலோ. ஸ்வாம்ப் ஆஷில் 2.25. பாஸ்வுட்டில் 1.9. மேலை நாட்டு லேசு மாடல்களில் இப்போது வருகிற பௌலோனியாவில் ஒன்றே கால் கிலோ. பலாவில் 2.7 கிலோவை ஒட்டி வரும், தேக்கில் 2.9. மற்ற பாகங்களுக்கு இரண்டு கிலோ சேர்த்தால் பலா பேஸ் 4.7, தேக்கு 4.9. மதுரை வாசகரின் தோள்வலிக்கே போய்ச் சேர்வீர்கள்.

மரத்துக்கு மரம், ஏன், அடிமரத்துக்கும் நுனிமரத்துக்கும் அடர்த்தி மாறும் என்பதால் எங்கள் எண்ணை நம்பாமல் பலகையை நீங்களே எடை போடுங்கள். இழைத்துச் சதுரமாக்கிய பலகையின் நீளம், அகலம், தடிப்பை செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. லிட்டருக்கு 500 கிராமுக்குள் இருந்தால் அப்படியே செய்யலாம். 550 வரை சமாளிக்கலாம். அதற்குமேல் தடிப்பைக் குறைக்க வேண்டும். 45-ஐ 38 மி.மீ. ஆக்கினால் பலா பாடி 2.3 கிலோவுக்கு இறங்கும். நெக் உட்காரும் பள்ளம் 16 மி.மீ. ஆழம், அடியில் 22 மிஞ்சும், அது போதும். 38-க்குக் கீழே போக வேண்டாம். பாட் தண்டும் ஜாக்கும் உட்கார ஆழம் போதாமல் போகலாம்.

பச்சை மரத்தை எடை போட்டு ஏமாறாதீர்கள். வாரம் ஒரு முறை பலகையை எடை பார்த்து எழுதிக்கொண்டே வாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்ற பிறகுதான் வெட்டலாம். அதற்குமுன் வெட்டினால் நெக் பள்ளம் சுருங்கி, வளைந்து, நெக் ஒரு பக்கம் தூக்கும்.

லேசான உள்ளூர் மரம் வேண்டும் என்றால் ப்ளைவுட்டுக்குப் போகும் மலைவேம்பைக் கேட்டுப் பாருங்கள். மென்மையான மரம், திருகு சீக்கிரம் தளரும். நெக் திருகுகளுக்குக் கீழும் ஸ்ட்ராப் பட்டன் இடத்திலும் கெட்டி மரத் துண்டு பதித்துச் செய்யச் சொல்லுங்கள். கொம்பு நுனி 12-ஆம் ஃப்ரெட் வரை வருகிற வரைபடமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். லேசான பாடியும் குட்டைக் கொம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாகர்கோவில் வாசகர் சொல்வார்.

கனமான பேஸின் பின்பக்கத்தில் டிரில் போட்டுக் குடைந்து மூடிவிட்டால் எடை குறையுமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

எவ்வளவு குறையும் என்று போட்டுப் பார்ப்போம். 35 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. ஆழம் குடைந்தால் ஒரு குழிக்கு 29 கன செ.மீ. பத்துக் குழிக்கு 290. கனமான ஆஷ் மரமே ஆனாலும் வெளியே வருவது 190 கிராம்தான். குழிகள் பெரும்பாலும் வால் பக்கம் விழும் என்பதால் எடை மையம் ஒரு செ.மீ. நெக்கை நோக்கியும் நகரும். பெயின்ட்டும் மறுவிற்பனை விலையும் போய், கிட்டார் தலை சாயவும் தொடங்கும். லேசான கீ மாற்றினால் ஏறக்குறைய இதே 180 கிராம் எதையும் வெட்டாமல் போகிறது, அதுவும் சரியான பக்கத்திலிருந்து. தொழிற்சாலையில் குடைந்து வருகிற பேஸ்கள் வேறு. மேல் பலகையை ஒட்டும் முன்பே பெரிய அறைகளாக எடுத்துவிடுகிறார்கள்.

ரயிலிலும் விமானத்திலும் தூக்கிக்கொண்டு போக ஹெட்லெஸ் (ஹெட்ஸ்டாக் இல்லாத) ஐந்து கம்பி பேஸ் பார்க்கிறேன். சமநிலையில் அது எப்படி?
– வாசகர், சிங்கப்பூர்

சமநிலைக்காக மட்டும் கேட்டால் அதைவிடச் சுத்தமான தீர்வு கிடையாது. 400 கிராம் கீயைத் தலையிலிருந்து பிடுங்கி வால் பக்கம் வைத்தால் எடை மையம் 10 செ.மீ. நகரும். ஹெட்ஸ்டாக் மரம் போனது அதற்குமேல். அதனால்தான் ஹெட்லெஸ்களில் பாடியை அவ்வளவு சிறிதாக வெட்ட முடிகிறது. சாதாரண ஐந்து கம்பியில் ஐந்தாவது கீயும் அகலமான நெக்கும் தலையில் ஏறுவதால், உங்களுக்கு லாபம் இன்னும் கூடுதல்.

நெட் ஸ்டைன்பர்கர் 1980 வாக்கில் கொண்டுவந்த எல்2 மாடலில் கொம்பே இல்லை, செவ்வகப் பெட்டி மாதிரி பாடி. ஸ்ட்ராப் பின்பக்கத்தில் சுழலும் ஒரு கையில் மாட்டும், நெக்கை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். இன்று அதே தோற்றத்தில் வரும் மலிவு நகல்கள் அந்தக் கையை விட்டுவிட்டு பாடி மூலையில் ஒரு பட்டனை மட்டும் திருகியிருக்கும். அவை ஹெட்லெஸ்ஸாக இருந்தும் சாயும். வாங்கும் முன் கொம்பு அல்லது நீட்டுக் கை இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பி விஷயம்: சில மாடல்களுக்கு இரண்டு முனையிலும் உருண்டை உள்ள தனிக் கம்பி வேண்டும், சில சாதாரணக் கம்பியை நட் பக்கத்தில் திருகால் கவ்வும். ஊர் ஊராகப் போகிறவர் இரண்டாவது வகையை எடுப்பது மேல். பி கம்பி அறுந்தால் எந்தக் கடையிலும் தேடலாம்.

கனமான பேஸ்தான் நன்றாக ஒலிக்கும், ஒலி நீண்டு நிற்கும் என்று என் கிட்டார் ஆசிரியர் சொல்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பாடியின் கனத்தைவிட நெக்கின் விறைப்பும் அது பாடியோடு சேரும் இறுக்கமும் ஒலி நிற்பதைத் தீர்மானிக்கின்றன. நெக் திருகு நாலும் தளர்ந்த 5 கிலோ பேஸை 3.7 கிலோ பேஸ் சுலபமாக ஜெயிக்கும். ஆசிரியரிடம் விவாதம் வேண்டாம், திருகை இறுக்கிவிட்டு வாசித்துக் காட்டுங்கள்.

உட்கார்ந்து பயிற்சி செய்யும்போது மட்டும் கிட்டார் வலது பக்கம் நழுவுகிறது. நின்றால் சரியாக இருக்கிறது. ஏன்?
– வாசகர், சேலம்

நிற்கும்போது தாங்குவது கொம்புப் பட்டன், உட்காரும்போது பாடியின் கீழ் இடுப்பு வளைவு. அந்த வளைவு எடை மையத்துக்கு நெக் பக்கமாகத் தள்ளி வெட்டப்பட்டிருந்தால் வால் இறங்கும், பிரிட்ஜ் பக்கமாக இருந்தால் நெக் இறங்கும். வெட்டிய வளைவை மாற்ற முடியாது. உட்கார்ந்தாலும் ஸ்ட்ராப்பைக் கழற்றாதீர்கள். நின்றால் எந்த உயரமோ அதே உயரத்துக்கு ஸ்ட்ராப் நீளத்தை வைத்தால் இரண்டுக்கும் கை ஒரே கோணத்தில் பழகும்.

நெக் சாயாமல் இருக்க வலது முழங்கையால் பாடியை அழுத்திக்கொண்டே வாசிப்பேன். கொஞ்ச நாளாக மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன.
– வாசகர், சென்னை

அந்த இரண்டு விரல்களுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. முழங்கையை மடக்கியபடி விளிம்பில் ஊன்றினால் அது நசுங்கும். முதலில் டாக்டரைப் பாருங்கள், கிட்டாரைப் பிறகு பார்க்கலாம். அதுவரை அழுத்தி வாசிப்பதை நிறுத்துங்கள். பிறகு மேலே சொன்ன பட்டன், கீ இரண்டையும் சரிபார்த்து, கை படும் விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கே ஒரு மெத்தைப் பட்டை ஒட்டுங்கள். ஸ்ட்ராப்பையும் ஒரு துளை ஏற்றுங்கள். கிட்டார் தாழத் தொங்கினால் முழங்கை மேலிருந்து அமுக்கும்.

ஹெட்ஸ்டாக்கில் கிளிப் ட்யூனரும், ஸ்ட்ராப்பில் வயர்லெஸ் பெட்டியும் மாட்டுகிறேன். இவையும் கணக்கில் வருமா?
– வாசகர், தூத்துக்குடி

கிளிப் ட்யூனர் 30 கிராம் என்றால், லேசான கீயால் மிச்சப்படுத்திய 180-இல் ஆறில் ஒன்றை அது திரும்பப் பறித்துக்கொள்கிறது. சுருதி சேர்த்ததும் கழற்றிப் பையில் போடுங்கள், அல்லது காலடியில் வைக்கும் பெடல் ட்யூனருக்கு மாறுங்கள். வயர்லெஸ் பெட்டியை ஸ்ட்ராப்பின் பின்பாதியில், முதுகுப் பக்கமாக வால் பட்டனுக்குக் கிட்டே மாட்டுங்கள். மார்புப் பக்கம் மாட்டினால் ஸ்ட்ராப் முன்னால் வழுக்கும்.